சாவி போர்டுக்குள்ளேயே இருக்கு: விண்டோஸ் மறுபடி போட்ட பிறகு ஆக்டிவேஷன் அடம்பிடித்தால் என்ன செய்யலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கி, ஓரிரு இடங்களில் வரிசை மாற்றித் தொகுத்திருக்கிறோம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.)

தொகுப்பாளர்: இன்னைக்கு நிறைய பேர் கேட்ட ஒரு விஷயம். லேப்டாப்புல விண்டோஸை அழிச்சிட்டு மறுபடி போடுறோம். எல்லாம் நல்லா வருது. ஆனா திரையோட வலது கீழ் மூலையில ‘ஆக்டிவேட் விண்டோஸ்’னு மங்கலா ஒரு எழுத்து வந்து உட்கார்ந்துக்குது. “காசு கொடுத்து வாங்கின லேப்டாப்தானே, திரும்ப ஏன் கேக்குது?” இதுதான் கேள்வி. பதில் சொல்ல, பல வருஷமா லேப்டாப் சர்வீஸ் பண்ணிட்டு இருக்கிற ஒரு அண்ணா வந்திருக்கார். “பேரெல்லாம் வேணாம் தம்பி, வேலையைப் பேசுவோம்”னு சொல்லிட்டார். வாங்கண்ணா.



தொகுப்பாளர்: முதல்ல ஒரு வாய்ஸ் நோட்டைச் சொல்லிடறேன். இறுதியாண்டு இன்ஜினீயரிங் படிக்கிற ஒரு தோழி அனுப்பியிருக்காங்க. வீட்டுல 22,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்காங்க. ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு கிளாஸ்மேட் ஒருத்தர் அவர்கிட்ட இருந்த பென் டிரைவை வெச்சு விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார். இப்போ ஆக்டிவேட் ஆகலை. திங்கட்கிழமை கேம்பஸ் பிளேஸ்மென்ட்டுக்கு ஆன்லைன் டெஸ்ட். பக்கத்துக் கடையில 500 ரூபாய்க்கு சாவி போட்டுத் தரேன்றாங்க. அதே கிளாஸ்மேட், “ஒரு சின்ன டூல் இருக்கு, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டு, முடிஞ்சுது”ன்றார். அப்பாவோட நெட் பேங்கிங்கும் அதே லேப்டாப்லதான் நடக்குது. என்ன பண்ணட்டும்னு கேக்குறாங்க.

விருந்தினர்: அந்தப் பொண்ணுக்கு முதல் பதில் ஒண்ணுதான். அந்த டூலைத் தொடாதேம்மா. மீதியை வரிசையா பார்ப்போம். பதட்டப்படுற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்லை.

அந்த எழுத்து வந்தா லேப்டாப் நின்னுடுமா?

தொகுப்பாளர்: அதைத்தான் நிறைய பேர் பயந்து கேக்குறாங்க. ஆக்டிவேட் ஆகலைன்னா எத்தனை நாள்ல பூட்டிக்கும்?

விருந்தினர்: விண்டோஸ் 10, 11 ரெண்டுமே பூட்டிக்காது. மூலையில அந்த எழுத்து நிக்கும். வால்பேப்பர், நிறம், தீம் மாத்துற பெர்சனலைசேஷன் பக்கம் வேலை செய்யாது. அப்பப்போ நினைவூட்டும். ஆனா பிரவுசர் ஓடும், கேமரா ஓடும், பாதுகாப்பு அப்டேட்டும் வரும். அதனால “இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஏதாவது பண்ணியே ஆகணும்”ன்ற அவசரம் வேண்டாம். அந்த அவசரத்துலதான் தப்பான டூலை ஓட்டுறாங்க.

தொகுப்பாளர்: அப்போ அப்படியே விட்டுடலாமா?

விருந்தினர்: அப்படி இல்லை. லைசென்ஸ் இல்லாம ஓட்டுறது மைக்ரோசாஃப்ட்டோட விதிமுறைப்படி சரி கிடையாது. நான் சொல்றது, யோசிக்க நேரம் இருக்குன்னு. பெரும்பாலான லேப்டாப்புக்கு லைசென்ஸ் ஏற்கெனவே இருக்கு. நாம அதைச் சரியா எடுத்துக் கொடுக்கலை, அவ்வளவுதான்.

சாவி எங்கே இருக்கு?

தொகுப்பாளர்: “ஏற்கெனவே இருக்கு”ன்னா எங்கண்ணா? என் லேப்டாப் அடியில ஸ்டிக்கரே இல்லையே.

விருந்தினர்: ஸ்டிக்கர் விண்டோஸ் 7 காலத்து விஷயம். அப்போ லேப்டாப் அடியில 25 எழுத்து சாவி அச்சடிச்சு ஒட்டியிருப்பாங்க. கொஞ்ச நாள்ல தேய்ஞ்சு போயிடும், எட்டா, பி-யான்னு லென்ஸ் வெச்சுப் பார்ப்போம். 2012-ல விண்டோஸ் 8 வந்ததும் அந்த முறை மாறிடுச்சு. லேப்டாப் கம்பெனிக்காரங்க ஃபேக்டரியிலேயே அந்தச் சாவியை மதர்போர்டோட ஃபர்ம்வேர்ல எழுதிடறாங்க. பயாஸ்னு நாம சொல்றோமே, அதே இடம். ஹார்ட் டிஸ்க்கை அழிச்சாலும், எஸ்எஸ்டியையே கழட்டி வேற போட்டாலும் அந்தச் சாவி போகாது.

தொகுப்பாளர்: அப்போ விண்டோஸ் மறுபடி போடும்போது?

விருந்தினர்: இன்ஸ்டாலரே ஃபர்ம்வேர்ல போய்ப் பார்த்துச் சாவியை எடுத்துக்கும். அதனாலதான் சில லேப்டாப்புல சாவியும் கேக்காது, ‘ஹோமா, ப்ரோவா’ன்னும் கேக்காது. நேரா போட்டுட்டு, நெட் கிடைச்சதும் தானா ஆக்டிவேட் ஆகிடும்.

தொகுப்பாளர்: ‘டிஜிட்டல் லைசென்ஸ்’னு ஒண்ணு சொல்றாங்களே, அது இதுவேதானா?

விருந்தினர்: அது வேற. 2015-ல விண்டோஸ் 10 வந்தப்போ அது வந்துச்சு. உங்க லேப்டாப்புல ஒரு தடவை விண்டோஸ் முறையா ஆக்டிவேட் ஆயிட்டா, அந்த லேப்டாப்போட வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் சர்வர் குறிச்சு வெச்சுக்கும். கைரேகை மாதிரின்னு வெச்சுக்கோங்க. அடுத்த தடவை அதே லேப்டாப் வந்து கதவைத் தட்டினா, “ஓ, நீயா”ன்னு திறந்து விட்டுடும். அந்தக் கைரேகையில முக்கியமான ரேகை மதர்போர்டு. ரேம் ஏத்தினா, எஸ்எஸ்டி மாத்தினா பொதுவா பிரச்சினை இல்லை. போர்டை மாத்தினா அது வேற லேப்டாப்.

அதனால ஆக்டிவேட் ஆகலைன்னா மூணே கேள்விதான். சர்வரோட பேச முடியுதா? சரியான எடிஷன் போட்டிருக்கோமா? போர்டு அதே போர்டுதானா? இந்த மூணையும் கேட்டா பாதிப் பிரச்சினைக்கு மேல அங்கேயே தீர்ந்துடும்.

முதல் கேள்வி: நெட்டும் நேரமும்

தொகுப்பாளர்: சர்வரோட பேச முடியுதான்னா, நெட் இருக்கான்னுதானே?

விருந்தினர்: நெட் மட்டும் இல்லை, தேதியும் நேரமும் சரியா இருக்கணும். பழைய லேப்டாப்புல போர்டுல இருக்கிற சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்து போயிருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தேதி எங்கேயோ பின்னாடி போயிடும். தேதி தப்பா இருந்தா பாதுகாப்பான இணைப்பே அமையாது. அப்போ 80072எஃப்8எஃப்னு முடியுற பிழை எண் வரும். தேதி, நேரம், டைம் ஸோன் மூணையும் சரி பண்ணி மறுபடி முயற்சி பண்ணாலே ஆயிடும். டைம் ஸோன்ல இந்தியா தேர்வாகியிருக்கான்னு பாருங்க. புதுசா போட்டதும் வேற நாட்டு நேரம் காட்டிட்டு நிக்கிறது சகஜம்.

தொகுப்பாளர்: புதுசா போட்டதும் வைஃபையே வராம இருக்குமே?

விருந்தினர்: ஆமா, டிரைவர் இல்லாததுனால. சுலபமான வழி, ஃபோனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு ஃபோன்னா பெரும்பாலும் உடனே நெட் வந்துடும். அப்புறம் விண்டோஸ் அப்டேட்டை ஓட விட்டா வைஃபை டிரைவர் தானா இறங்கும். இன்னொண்ணு, காலேஜ் ஹாஸ்டல், ஆபீஸ் வைஃபையில சில சமயம் ஃபயர்வால் தடுக்கும். அங்கே ஆகலைன்னா மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஒரு தடவை முயற்சி பண்ணுங்க. சில நேரம் சர்வர் பக்கமே கூட்டமா இருக்கும். ஒரு நாள் விட்டுப் பார்த்தாலும் தப்பில்லை.

ரெண்டாவது கேள்வி: ஹோமா, ப்ரோவா, வேற ஏதாவதா?

தொகுப்பாளர்: நெட் சரி, நேரம் சரி. அப்பவும் ஆகலை.

விருந்தினர்: அப்போ என் முதல் சந்தேகம் எடிஷன் மேல. விண்டோஸ் 11-னு ஒரே பேரா இருந்தாலும் உள்ள ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ப்ரோ, எஜுகேஷன், என்டர்பிரைஸ்னு பல வகை. லைசென்ஸ் ஒவ்வொண்ணுக்கும் தனி. ரெண்டாம் வகுப்பு டிக்கெட்டை வெச்சுக்கிட்டு ஏசி கோச்ல ஏறினா டிடிஇ இறக்கி விடுவார்ல? டிக்கெட் பொய்யில்லை, ஏறின பெட்டிதான் தப்பு. அதே கதைதான்.

நம்ம ஊருல வீட்டு உபயோகத்துக்கு விக்கிற லேப்டாப்புல நிறைய ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்தான் வரும். அதுல போய் யாரோ கொடுத்த பென் டிரைவ்ல இருந்து ப்ரோ போட்டா ஆக்டிவேட் ஆகாது. போர்டுல ஹோம் சாவி இருக்கு, மேல ப்ரோ உட்கார்ந்திருக்கு. ரெண்டும் பேசிக்காது.

தொகுப்பாளர்: எந்த எடிஷன் போட்டிருக்கோம்னு எப்படிப் பார்க்கிறது?

விருந்தினர்: விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். விண்டோஸ் 10-ல செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். எடிஷன் பேரும் இருக்கும், பிழை எண்ணும் அங்கேயே இருக்கும்.

இன்னும் ஆழமா பார்க்கணும்னா விண்டோஸ் பட்டனோட ஆர் அழுத்துங்க. சின்னப் பெட்டி வரும். அதுல எஸ், எல், எம், ஜி, ஆர்னு அஞ்சு எழுத்து, ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், அப்புறம் டி, எல், ஐ. என்டர் தட்டினா கொஞ்ச நேரத்துல ஒரு பெட்டியில விவரம் வரும். அதுல ‘சேனல்’னு ஒரு வார்த்தை இருக்கும், அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. ஓஇஎம்னு இருந்தா லேப்டாப்போட வந்த லைசென்ஸ். ரீடெயில்னு இருந்தா தனியா வாங்கினது, இல்லைன்னா டிஜிட்டல் லைசென்ஸ். வால்யூம்னு இருந்தா அது கம்பெனிகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மொத்தமா கொடுக்கிறது.

தொகுப்பாளர்: வீட்டு லேப்டாப்புல வால்யூம்னு வந்தா?

விருந்தினர்: அங்கேதான் நிமிர்ந்து உட்காரணும். கம்பெனியில அவங்களுக்குன்னு ஒரு ஆக்டிவேஷன் சர்வர் இருக்கும், கேஎம்எஸ்னு சொல்லுவாங்க. கம்பெனி கம்ப்யூட்டர் எல்லாம் அதுகிட்ட போய்க் கையெழுத்து வாங்கிக்கும். ஒரு கையெழுத்து 180 நாள் செல்லும். அதுக்குள்ள திரும்பப் போய்ப் புதுப்பிச்சுக்கணும். வீட்டுல அந்த சர்வர் ஏது? அதனால சி004எஃப்074னு முடியுற பிழை வரும், “சர்வரைக் காணோம்”னு அர்த்தம்.

அதே கமாண்டுல டி, எல், ஐக்குப் பதிலா எக்ஸ், பி, ஆர் போட்டுப் பாருங்க. நிரந்தரமா ஆக்டிவேட் ஆகியிருக்குன்னு வந்தா நிம்மதி. ஒரு காலாவதித் தேதி வந்தா, உங்க லேப்டாப்புல இருக்கிறது கேஎம்எஸ் வகை. செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்க கடையில வெச்சே இதைத் தட்டிப் பாருங்க. பத்து செகண்ட் வேலை.

தொகுப்பாளர்: எடிஷன் தப்புன்னு தெரிஞ்சா எப்படிச் சரி பண்றது?

விருந்தினர்: ரெண்டு வகை. லைசென்ஸ் ப்ரோவுக்கு இருக்கு, ஆனா ஹோம் போட்டுட்டீங்க. இது சுலபம். ஆக்டிவேஷன் பக்கத்துல டிரபிள்ஷூட் கொடுங்க. உங்க லேப்டாப் பேர்ல ப்ரோ டிஜிட்டல் லைசென்ஸ் இருந்தா அதுவே கண்டுபிடிச்சு மாத்த வழி காட்டும். ஹோம்ல இருந்து ப்ரோவுக்கு ஏறும்போது ஃபைல் எதுவும் போகாது.

மறுபக்கம், லைசென்ஸ் ஹோமுக்கு, போட்டது ப்ரோ. இதுல அப்படியே கீழே இறங்க வழி இல்லை. சுத்தமா மறுபடி போடணும். மைக்ரோசாஃப்ட் தளத்துல மீடியா கிரியேஷன் டூல் இலவசமா கிடைக்குது. குறைஞ்சது 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதுல உருவாக்கிப் போட்டா இன்ஸ்டாலர் போர்டுல இருக்கிற சாவியைப் பார்த்து அதுக்கேத்த எடிஷனைத் தானே போட்டுக்கும். ஃப்ரெண்டோட பென் டிரைவ்ல என்ன எடிஷன், எங்கே இறக்கினது, உள்ள என்ன ஒட்டிக்கிட்டு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

மூணாவது கேள்வி: போர்டு அதேதானா?

தொகுப்பாளர்: போர்டு மாத்தினவங்க என்ன பண்றது? தண்ணி கொட்டிடுச்சு, சர்வீஸ்ல போர்டு மாத்திட்டாங்கன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க.

விருந்தினர்: லேப்டாப் கம்பெனியோட அதிகாரப்பூர்வ சர்வீஸ்ல மாத்தினா, புது போர்டுலயும் விண்டோஸ் சாவி எழுதிக் கொடுக்கிறது அவங்க பொறுப்பு. வாங்கிட்டு வரும்போதே ஆன் பண்ணி ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்துட்டு வாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் போய் நின்னா அலைச்சல்தான்.

வெளிக்கடையில பழைய போர்டு வாங்கிப் போட்டிருந்தா, அந்த போர்டுல என்ன சாவி இருக்கோ அதுதான் இனிமே பேசும். உங்களோடது ப்ரோவா இருந்து, வந்த போர்டு ஹோமா இருந்தா, அடுத்த தடவை விண்டோஸ் போடும்போது ஹோம்தான் வந்து உட்காரும். சில போர்டுல சாவியே இருக்காது. அப்போ சி004எஃப்213 வரும், “இந்த வன்பொருளுக்குச் சாவி எதுவும் கிடைக்கலை”ன்னு அர்த்தம். வன்பொருள் மாறியிருக்குன்னு அது உணர்ந்தா சி004எஃப்211 வரும்.

தொகுப்பாளர்: மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோட இணைச்சிருந்தா தப்பிச்சுக்கலாம்னு சொல்றாங்களே?

விருந்தினர்: அது 2016 ஆகஸ்ட்ல வந்த ஆனிவர்சரி அப்டேட்ல இருந்து இருக்கு. டிஜிட்டல் லைசென்ஸை அக்கவுண்ட்டோட இணைச்சு வெச்சிருந்தீங்கன்னா, டிரபிள்ஷூட் உள்ள போய், “சமீபத்துல வன்பொருள் மாத்தினேன்”ன்ற இடத்தை அழுத்தி, லாகின் பண்ணி, பழைய லேப்டாப் பேரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனா இது எல்லாருக்கும் வேலை செய்யாது. தனியா காசு கொடுத்து வாங்கின ரீடெயில் லைசென்ஸ்னா வேற கம்ப்யூட்டருக்கு மாத்த உரிமை உண்டு. லேப்டாப்போடவே வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த லேப்டாப்போட பிறந்து அதோடயே முடியுறது.

தொகுப்பாளர்: பழைய விண்டோஸ் 7 சாவியை வெச்சு ஆக்டிவேட் பண்ணலாம்னு ஒரு வீடியோ பார்த்தேன்...

விருந்தினர்: பழைய வீடியோவா இருக்கும். இலவச அப்கிரேடு சலுகை 2016 ஜூலை 29-ம் தேதியோட அதிகாரப்பூர்வமா முடிஞ்சுது. அப்புறமும் வருஷக்கணக்கா அந்தச் சாவிங்க வேலை செஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. 2023 செப்டம்பர்ல அதையும் மூடிட்டாங்க. ஏற்கெனவே அப்படி ஆக்டிவேட் ஆகி டிஜிட்டல் லைசென்ஸ் வாங்கின லேப்டாப் இருந்தா கவலை வேண்டாம், அதே போர்டுல அது தொடரும்.

தொகுப்பாளர்: விண்டோஸ் 10-ல இருந்து 11-க்குப் போனா புது லைசென்ஸ் வேணுமா? 2025 அக்டோபர் 14-ம் தேதியோட 10-க்கு ஆதரவு முடிஞ்சதுல நிறைய பேர் மாறிட்டிருக்காங்க.

விருந்தினர்: வேண்டாம். 10-க்கு முறையான லைசென்ஸ் இருந்தா அதே எடிஷன் 11-க்கும் செல்லும். ஹோம்னா ஹோம், ப்ரோன்னா ப்ரோ. எடிஷனை மட்டும் மாத்திடாதீங்க.

500 ரூபாய் சாவியும் ‘சின்ன டூலும்’

தொகுப்பாளர்: இப்போ தோழியோட கேள்விக்கு வருவோம். முதல்ல அந்த 500 ரூபாய் சாவி.

விருந்தினர்: அந்த விலைக்கு வர்ற சாவி பெரும்பாலும் எங்கேயோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்த லைசென்ஸ்ல இருந்து கசிஞ்சதா இருக்கும். இல்லைன்னா ஒரே சாவியைப் பல பேருக்கு வித்திருப்பாங்க. இன்னைக்கு ஆக்டிவேட் ஆகும். அளவுக்கு மேல பயன்படுத்தினா சி004சி008 வரும். மைக்ரோசாஃப்ட் கண்டுபிடிச்சு முடக்கினா சி004சி003 வரும். அப்போ கடையில போய்க் கேட்டா, “அன்னைக்கு வேலை செஞ்சுதே”ம்பாங்க. 500 ரூபாய்க்குச் சாவி வரலை தம்பி, கொஞ்ச நாள் நிம்மதிதான் வந்துச்சு.

எல்லாத்தையும் விட, போர்டுல சாவி இருக்கிற லேப்டாப்புக்கு எதுக்கு இன்னொரு சாவி?

தொகுப்பாளர்: அந்த டூல்?

விருந்தினர்: அது உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யா ஒரு கேஎம்எஸ் சர்வர் இருக்கிற மாதிரி நடிக்கும். சட்டப்படி தப்புன்றது ஒரு பக்கம். அதை விடப் பெரிய ஆபத்து, “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு, அட்மினா ஓட்டு”ன்னு அது சொல்லுது பாருங்க, அதுதான். வாட்ச்மேனைத் தூங்க வெச்சுட்டு, முன்பின் தெரியாத ஆள் கையில பீரோ சாவியைக் கொடுக்கிற மாதிரி. அதுக்கப்புறம் அவன் என்ன எடுத்தான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இது வெறும் பூச்சாண்டி இல்லை. 2021 டிசம்பர்ல ரெட் கேனரின்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. கேஎம்எஸ்பிகோன்ற பேர்ல சுத்துற இன்ஸ்டாலர்ல கிரிப்ட்பாட்னு ஒரு தகவல் திருடி ஒட்டியிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. பிரவுசர்ல சேமிச்சு வெச்சிருக்கிற விவரங்கள், கிரிப்டோ வாலட் இதையெல்லாம் அள்ளிட்டுப் போற வகை. அப்பாவோட நெட் பேங்கிங் நடக்கிற லேப்டாப்புன்னு அந்தப் பொண்ணே சொல்லுது. மூலையில ஒரு மங்கல் எழுத்தை அழிக்கறதுக்கு வீட்டுச் சேமிப்பைப் பந்தயம் வைக்கணுமா?

தோழிக்கு, வரிசையா

தொகுப்பாளர்: சரி, அவங்க இப்போ என்ன பண்ணணும்?

விருந்தினர்: திங்கட்கிழமை வரைக்கும் எதையும் மாத்த வேண்டாம். டெஸ்ட்டுக்கு முன்னாடி எதையாவது நோண்டி, ஞாயித்துக்கிழமை ராத்திரி லேப்டாப் எழுந்திருக்காம நின்னா யாரு பதில் சொல்றது? டெஸ்ட் நடத்துறவங்க சிஸ்டம் செக் லிங்க் கொடுத்திருந்தா அதை மட்டும் இன்னைக்கே ஓட்டிப் பாரும்மா. கேமரா, மைக், பிரவுசர் எல்லாம் பச்சை காட்டினா நல்லாப் படிச்சுட்டுப் போய் எழுது. அதுல ஏதாவது சிக்கல் காட்டினா வேற ஒரு லேப்டாப்பை இப்பவே கேட்டு வெச்சுக்கோ. நெட் பேங்கிங்கை மட்டும் இந்த லேப்டாப்புல பண்ண வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிடு. எங்கிருந்தோ வந்த பென் டிரைவ்ல போட்ட விண்டோஸை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது.

டெஸ்ட் முடிஞ்சதும் அந்த டி, எல், ஐ கமாண்டை அடிச்சுப் பாரு. என் ஊகம், என்டர்பிரைஸ், வால்யூம்னு வரும். ஏன்னா செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வர்ற லேப்டாப்புல நிறைய, கம்பெனிகள் பயன்படுத்திக் கழிச்சது. அந்த மாதிரி பிசினஸ் லேப்டாப்புல போர்டுல பெரும்பாலும் ப்ரோ சாவி இருக்கும். அப்படி இருந்தா செலவே இல்லை. ஃபைலை வெளி டிரைவ்ல எடுத்து வெச்சுட்டு, மைக்ரோசாஃப்ட்டோட டூல்ல புது பென் டிரைவ் பண்ணி, பழைய பார்ட்டிஷன் எல்லாம் அழிச்சு, சுத்தமா போடு. சாவி கேட்டா, “என்கிட்ட சாவி இல்லை”ன்னு கொடுத்துத் தாண்டிப் போகலாம். எடிஷன் கேட்டா மட்டும் சரியானதைத் தேர்ந்தெடு. கேக்காமலே ப்ரோ போட ஆரம்பிச்சா, போர்டுல சாவி இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

தொகுப்பாளர்: போர்டுல சாவியே இல்லைன்னா?

விருந்தினர்: டாஸ் லேப்டாப், லினக்ஸ் லேப்டாப்னு விண்டோஸ் இல்லாம விலை குறைச்சு வித்த மாடல்கள் உண்டு. அதுல சாவி இருக்காது. அப்போ ரெண்டு நேர்வழி. வித்தவர் “ஒரிஜினல் விண்டோஸ்”னு சொல்லி வித்திருந்தா போய்க் கேளு, பில்லுல எழுதியிருந்தா இன்னும் நல்லது. இல்லைன்னா மைக்ரோசாஃப்ட்கிட்டயோ அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்கிட்டயோ முறையா வாங்கணும். காசு இல்லைன்னா வெட்கப்பட ஒண்ணுமில்லை, உபுண்டு மாதிரி லினக்ஸ் போட்டுக்கலாம். இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைக்கு அது கூடுதல் படிப்புதான். காலேஜ்லயும் ஒரு வார்த்தை கேளு. சில கல்லூரிகள் மாணவர்களுக்கு விண்டோஸ் எஜுகேஷன் லைசென்ஸ் கொடுக்குது.

அழிக்கறதுக்கு முன்னாடி

தொகுப்பாளர்: கடைசியா, இன்னும் அழிக்காதவங்களுக்கு. விண்டோஸ் மறுபடி போடப் போறவங்க முன்கூட்டியே என்ன பார்த்து வைக்கணும்?

விருந்தினர்: அஞ்சு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, ஆக்டிவேஷன் பக்கத்தை ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. எடிஷன் பேர் அதுல இருக்கும். பாதிக் குழப்பம் அதுலயே போயிடும்.

ரெண்டு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி டிஜிட்டல் லைசென்ஸ் இணைஞ்சிருக்கான்னு பாருங்க. இணைஞ்சிருந்தா அந்தப் பக்கமே சொல்லும்.

மூணு, இதுதான் ரொம்ப முக்கியம். பிட்லாக்கர் மீட்புச் சாவி, 48 இலக்க எண். விண்டோஸ் 11-ல 2024 இறுதியில வந்த 24எச்2 பதிப்புல இருந்து, புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா, ஹோம் எடிஷன்லகூட டிஸ்க் தானா என்கிரிப்ட் ஆகிடலாம். நமக்கே தெரியாது. நாளைக்கு போர்டு மாத்தினா, பயாஸ் அப்டேட் பண்ணா, அந்த 48 எண்ணைக் கேக்கும். இல்லைன்னா உள்ள இருக்கிறதை யாராலயும் எடுக்க முடியாது, என்னாலயும் முடியாது. ஆக்டிவேஷன் போனா ஒரு எழுத்து வரும், அவ்வளவுதான். இந்தச் சாவி போனா புராஜெக்ட், கல்யாண ஃபோட்டோ எல்லாம் போயிடும். அக்கவுண்ட் பக்கத்துல அந்த எண் சேமிச்சிருக்கும். போய்ப் பார்த்து ஒரு காகிதத்துல எழுதி வீட்டுல வையுங்க.

நாலு, வைஃபை டிரைவரை லேப்டாப் கம்பெனி தளத்துல இருந்து முன்னாடியே பென் டிரைவ்ல இறக்கி வெச்சுக்கோங்க.

அஞ்சு, உண்மையிலேயே பென் டிரைவ் வேணுமான்னு யோசிங்க. லேப்டாப் ஸ்லோன்றதுக்காக மட்டும்னா, செட்டிங்ஸ்ல ரெக்கவரி உள்ள ‘ரீசெட் திஸ் பிசி’ போதும். அதே எடிஷனையே மறுபடி போட்டுக் கொடுக்கும், முன்னாடி முறையா ஆக்டிவேட் ஆகியிருந்தா இப்பவும் ஆகும். நம்ம ஃபைலை வெச்சுக்கிட்டே பண்ணவும் அதுல வழி உண்டு. இருந்தாலும் பேக்கப் எடுக்காம எதையும் அழுத்தாதீங்க.

தொகுப்பாளர்: லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கிறவங்களுக்கு ஏதாவது?

விருந்தினர்: கடையில கொடுக்கும்போது ஒரே வாக்கியம் சொல்லுங்க: “அண்ணா, போர்டுல என்ன எடிஷன் சாவி இருக்கோ அதையே போடுங்க, ஆக்டிவேட்டர் எதுவும் ஓட்டாதீங்க.” விஷயம் தெரிஞ்ச கஸ்டமர்னு அவங்களுக்குப் புரிஞ்சுடும். வாங்கும்போது எக்ஸ், பி, ஆர் கமாண்டை அடிச்சு, காலாவதித் தேதி வருதான்னு பார்த்துட்டு அப்புறம் காசைக் கொடுங்க.

தொகுப்பாளர்: அருமைண்ணா. தோழி, டெஸ்ட்டை நல்லா எழுதுங்க. முடிச்சுட்டு டி, எல், ஐ பெட்டியில என்ன வந்துச்சுன்னு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க, அடுத்த எபிசோட்ல அதைப் பார்த்துடலாம். மத்தவங்களும் உங்க பிழை எண்ணோட கடைசி அஞ்சாறு எழுத்தை மட்டும் அனுப்புங்க. ப்ராடக்ட் சாவியையோ மீட்புச் சாவியையோ யாரும் எங்களுக்கு அனுப்பாதீங்க, சரியா?

விருந்தினர்: எங்களுக்கு மட்டும் இல்லை, யாருக்குமே அனுப்பாதீங்க.

தொகுப்பாளர்: அதேதான்.